சரக்கில்லாமல் வந்த கப்பல்

கேளுங்கள் ஐயாமாரே, கேளுங்கள் அம்மாமாரே. மடியில் தூங்குகிற பிள்ளைகளை எழுப்ப வேண்டாம். அவர்கள் தூக்கத்திலேயே கேட்கட்டும்.

கடல் இன்னும் இத்தனை உப்பாகாத காலத்தில், மணற்பட்டணம் என்ற துறைமுகத்தில் எஸ்தாக்கி என்று ஒரு வணிகர் இருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கஸ்பார். அடுத்தவள் பிலோமி. கடைக்குட்டி ஞானப்பூ. ஞானப்பூவைப் பெற்ற வலியிலேயே தாய் கண்ணை மூடிவிட்டாள். அந்தக் குழந்தை எழுந்து நடப்பதற்குள் எஸ்தாக்கி கடல் தாண்டி அக்கரைச் சீமைக்குப் போய்விட்டார்.

ஏன் போனார் என்று என்னைக் கேட்காதீர்கள். கதையில் அது இல்லை. தந்தையைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரிவது எப்போதும் கொஞ்சம்தானே.

போகிற அன்று அவர் இரண்டு சொல் சொன்னார். "உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள், அனுப்புகிறேன். நான் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்." முதல் சொல்லைக் கஸ்பாரும் பிலோமியும் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். இரண்டாவது சொல் எப்போது மறந்தது என்று அவர்களுக்கே தெரியாது. ஞானப்பூவோ கைக்குழந்தை, அவள் இரண்டையும் கேட்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் வாடைக் காற்றோடு எஸ்தாக்கியின் கப்பல் வரும். கப்பல் கண்ணில் பட்டதும் கடற்கரைக் கோயிலில் மணி அடிப்பார்கள். கஸ்பார் மாட்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டு துறைக்கு ஓடுவான். பட்டு வரும், பீங்கான் வரும், கிராம்பும் சாதிக்காயும் மூட்டை மூட்டையாக வரும். அந்த வீட்டு வாசலில் நின்றால் தெருமுனை வரை ஏலக்காய் மணக்கும்.

கப்பல் வரத் தாமதமானால் அண்ணனும் அக்காவும் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சரக்கு நனையாமல் வர வேண்டும் என்று ஒன்று. கப்பல் கொள்ளை போகாமல் வர வேண்டும் என்று ஒன்று. போன ஆண்டைவிடக் கூடுதலாக வர வேண்டும் என்று ஒன்று. அப்பா நன்றாக இருக்க வேண்டும் என்று ஏற்றிய மெழுகுவர்த்தி அந்தக் கோயிலில் ஒன்றுகூட இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஐயாமாரே. அப்படி ஏற்றலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்போது கப்பல் அக்கரைக்குத் திரும்பும். சரக்கையெல்லாம் ஏற்றி முடித்தபின் கடைசியாக ஏற்றுவது சொல். அக்கரையில் இருப்பவருக்குச் செய்தி சொல்ல வேண்டியவர்கள் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் கப்பலின் தலைவனான தண்டலிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தண்டல் அதை மூன்று முறை திருப்பிச் சொல்வான். மூன்றாம் முறை சொன்னபின் அந்தச் சொல்லை யாரும் மாற்றக் கூடாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சொன்னது சொன்னபடியே அக்கரையில் இறங்கும்.

எஸ்தாக்கியின் கப்பலுக்குத் தொம்மை என்று ஒரு தண்டல். காது கேட்பதில் கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

ஒவ்வோர் ஆண்டும் தொம்மை தண்ணீரில் நின்று கேட்பான்: "உங்க அப்பா கேக்கச் சொன்னாரு. உங்களுக்கு என்ன வேணும்?"

கஸ்பார் சொல்லத் தொடங்குவான். இரண்டு பாய்மரத் துணி, குதிரைக்குச் சேணம், மாடி கட்டத் தேக்கு. பிலோமி சொல்லத் தொடங்குவாள். கருநீலப் பட்டு, சாந்துப்பொட்டு, முகம் பார்க்கிற கண்ணாடி. போன தடவை வந்த கண்ணாடியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, வேறு கண்ணாடி.

"தாயி, மூக்குக்கும் கண்ணாடிக்கும் உள்ள சண்டையை நான் அக்கரை வரைக்கும் சுமக்கணுமா?" என்பான் தொம்மை. "இன்னும் ரெண்டு சொல் ஏத்துனா கப்பல் முங்கிரும்."

"உன் வேலை சுமக்கிறது. சுமந்துட்டுப் போ" என்பாள் பிலோமி.

ஞானப்பூ வளர்ந்து, அவளும் தண்ணீரில் இறங்குகிற வயது வந்தது. அந்த முதல் ஆண்டு அவள் என்ன வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

"தண்டலாரே, அப்பா எப்படி இருக்கார்?"

தொம்மை அவளை நிமிர்ந்து பார்த்தான். அலை வந்து அவன் வேட்டியை நனைத்துவிட்டுப் போனது. "இத்தனை வருசமா வாரேன் மகளே. இந்த வீட்ல இதை யாரும் கேட்டதில்ல" என்றான். பிறகு சொன்னான். உயரமான மனிதர். மெதுவாகப் பேசுவார். சாயங்காலம் வேலை முடிந்ததும் கடலைப் பார்க்க உட்காருவார். இந்தக் கரை இருக்கிற திசையில்தான் உட்காருவார்.

அன்றைக்கு அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அவள் உடுத்திய துணி அவர் அனுப்பியது. சாப்பிட்ட தட்டு அவர் அனுப்பியது. தலைக்கு வைத்துப் படுத்த தலையணையின் பஞ்சும் அவர் அனுப்பியது. அந்த வீட்டில் அவர் தொடாத பொருள் இல்லை, ஆனால் அவர் மட்டும் இல்லை.

ஞானப்பூவுக்கு முறைக்காய்ச்சல் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து எலும்பை உதறும். அடுத்த ஆண்டு கப்பல் புறப்படும்போது அவள் தண்ணீரில் நடுங்கிக்கொண்டே நின்று சொன்னாள்: "அப்பா, வாங்க. காய்ச்சல் என்னைத் தின்னுது."

தொம்மை மூன்று முறை திருப்பிச் சொன்னான். கப்பல் போயிற்று.

வாடைக் காற்றோடு கப்பல் திரும்பியது. அப்பா வரவில்லை. ஒரு சின்னப் பெட்டி நிறைய கசப்பு வேர் வந்தது. அதைத் தினமும் ஒரு துண்டு மென்றாள். காய்ச்சல் விட்டது. ஆண்டுக்கு ஒரு பெட்டி வரும், அது தீர்வதற்குள் அடுத்தது வரும்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும், அம்மாமாரே. காய்ச்சல் விட்ட பிறகு வெகுநாள் அவள் கடல் பக்கம் போகவே இல்லை. பசித்துச் சாப்பிட்டாள், சிரித்தாள், ஊஞ்சலாடினாள். அப்பாவை மறந்துவிட்டோம் என்பதையும் மறந்திருந்தாள்.

பிறகு வேறு துன்பம் வந்தது. கஸ்பாரும் பிலோமியும் அவளை வீட்டுக்கு ஆகாதவள்போல் நடத்தினார்கள். எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சம் வைத்தார்கள். "ஏட்டி, உன்னைப் பெத்துத்தானே அம்மா செத்தா" என்று பிலோமி ஒருநாள் சொல்லிவிட்டாள். அந்த ஆண்டு ஞானப்பூ தண்ணீரில் நின்று அழுதுகொண்டே சொன்னாள்: "அப்பா, வாங்க. இவங்க என்னை மதிக்கமாட்டேங்குறாங்க."

தொம்மை மூன்று முறை திருப்பிச் சொன்னான். கப்பல் போயிற்று.

வாடைக் காற்றோடு கப்பல் திரும்பியது. அப்பா வரவில்லை. வீட்டில் சரிபாதி ஞானப்பூவுக்கு என்று அவர் சொன்ன சொல் வந்தது. அந்தச் சொல்லை ஊர் நடுவில் நின்று சொல்லத் தொம்மைக்கு உத்தரவும் வந்தது. அதற்குப் பிறகு கஸ்பார் அவளைத் "தங்கச்சி" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். பிலோமி தன் கையாலேயே மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

இந்தத் தடவையும் ஞானப்பூ கொஞ்ச நாள் மகிழ்ந்தாள், கொஞ்ச நாள் மறந்தாள்.

ஆனால் மறதி இந்த முறை நீண்ட நாள் நிற்கவில்லை. உடம்பில் நோய் இல்லை. வீட்டில் குறை இல்லை. கேட்டதெல்லாம் கையில் இருந்தது. ஒரு நண்பகலில் நிறைந்த வீட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தவளுக்கு, யாரோ எழுந்து போன இருக்கையைப்போல எல்லாமே காலியாகத் தெரிந்தது. முன்பு துன்பம் இருந்தது. அழுவதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது காரணமே இல்லாமல் அழுகை வந்தது.

அவள் கடற்கரைக்குப் போனாள். தொம்மை மணலில் உட்கார்ந்து கிழிந்த கப்பல்பாயைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"தண்டலாரே, ரெண்டு தடவை வாங்கன்னு சொல்லி அனுப்பினேன். ஏன் வரல? அவருக்கு என் மேல பாசம் இல்லையா?"

தொம்மை ஊசியைப் பாயில் குத்தி வைத்தான். "என்னைக் கேட்டா நான் பார்த்ததைத்தான் சொல்லுவேன். முதல் தடவை நான் 'அப்பா, வாங்க'ன்னு சொன்னதும் மனுசன் எந்திரிச்சிட்டாரு. செருப்பைக்கூட மாட்டிட்டாரு. அப்புறம் நான் மிச்சத்தைச் சொன்னேன், காய்ச்சல் என்னைத் தின்னுதுன்னு. செருப்பைக் கழத்தி வச்சாரு. 'பிள்ளைக்குக் காய்ச்சல் போகணும்'னாரு. அந்த வேரை அவரே காட்டுக்குப் போய்த் தோண்டினாரு. கையெல்லாம் கொப்புளம். ரெண்டாவது தடவையும் அதே கதைதான். எந்திரிச்சாரு, மிச்சத்தைக் கேட்டாரு, உக்காந்துட்டாரு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடல."

ஞானப்பூ அவன் எதிரில் மணலில் உட்கார்ந்தாள்.

"நீ கேட்டது உனக்கு வந்துச்சு மகளே. ரெண்டு தடவையும் நீ அவரைக் கேக்கல."

"இப்ப கேட்டா வருவாரா?"

தொம்மை தலையைச் சொறிந்தான். "அதுக்கும் ஒரு சொல் தந்து விட்டிருக்காரு. 'நான் வரணும்னா எல்லாத்தையும் விட்டுட்டு வரணும். பண்டகசாலையை மூடிருவேன். இந்தக் கப்பல்தான் கடைசிக் கப்பல். உடுத்தியிருக்கிற துணியோட வருவேன். அதுக்கப்புறம் பட்டும் வராது, பீங்கானும் வராது, வேரும் வராது. அந்த வேரு அக்கரை மண்ணுலதான் முளைக்கும். இதைப் பிள்ளைகிட்ட சொல்லிட்டு அப்புறம் கேளு'ன்னாரு."

வேரும் வராது. ஞானப்பூவின் முதுகில் பழைய குளிர் ஒருமுறை ஓடி மறைந்தது.

செய்தி வீட்டுக்கு எட்டியது. கஸ்பார் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான்.

"தங்கச்சி, உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா? அப்பா வந்துட்டா அப்புறம் அனுப்புறது யாரு?"

"அனுப்ப வேண்டாம் அண்ணே. அவர்தான் இங்க இருப்பாரே."

"இருந்து? இருந்து என்ன செய்வாரு? அவர் அங்க இருந்தாத்தான் நமக்கு அப்பா. இங்க வந்தா சும்மா ஒரு கிழவர்!"

பிலோமி வேறு வழியில் வந்தாள். தன் தங்க வளையல்களைக் கழற்றித் தங்கையின் கையில் மாட்டினாள். "என் ராசாத்தில்ல. வேற எதையாவது கேளேன். அப்பாவோட படம் ஒண்ணு எழுதி அனுப்பச் சொல்லேன். நடு வீட்ல மாட்டி, தினமும் பூப் போட்டு, கும்பிட்டுட்டு நம்ம பாட்டுக்கு இருக்கலாம்."

கஸ்பார் மறுபடி வந்தான். இம்முறை அவன் குரல் தணிந்திருந்தது. அதனால்தான் அது அவளை அதிகம் வருத்தியது. "ஏட்டி, வேர் இல்லாட்டி நீதான் சாவ. அதையாவது யோசி."

அவள் யோசித்தாள். கப்பல் புறப்படும்வரை யோசித்தாள். சாவைப் பற்றி மட்டும் இல்லை. அதைவிட மோசமான ஒன்றைப் பற்றி யோசித்தாள். எனக்கு உண்மையிலேயே அப்பா வேண்டுமா? இல்லை, அண்ணனையும் அக்காவையும்விட நான் நல்லவள் என்று எனக்கே காட்டிக்கொள்ள அப்பா வேண்டுமா? தனிமை போக வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேனா? அப்படியானால் அதுவும் ஒரு காய்ச்சல்தானே? அதற்கும் ஒரு வேரைத்தானே கேட்கிறேன்?

தன் மனத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். சுத்தமான அன்பு என்று எடுத்துக் காட்ட அங்கே எதுவும் அகப்படவில்லை. எதைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் கொஞ்சம் தன்னலம் ஒட்டியிருந்தது. ஆனால் எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்ட பிறகும் ஒன்று மட்டும் போகாமல் கிடந்தது. அது அன்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத ஒரு ஏக்கம். அதற்குக் காரணமும் இல்லை, வெட்கமும் இல்லை.

கச்சான் காற்று எழுந்தது. கஸ்பார் இறங்கித் தன் சொல்லை ஏற்றினான். பிலோமி இறங்கித் தன் சொல்லை ஏற்றினாள். கடைசியாக ஞானப்பூ இறங்கினாள். துறையில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"உங்க அப்பா கேக்கச் சொன்னாரு. உனக்கு என்ன வேணும்?" என்றான் தொம்மை.

"வாங்க."

தொம்மை காத்திருந்தான்.

"எதுக்குன்னு சொல்லு மகளே."

"எதுக்கும் இல்லை."

"எதுக்கும் இல்லைன்னு சொல்லவா?"

"வேண்டாம். அதையும் சேர்க்காதீங்க. வாங்க. அவ்வளவுதான்."

கரையில் ஒருவன் சிரித்தான். "ஒத்தைச் சொல்லுக்கு ஒரு கப்பலா! கூலி கட்டுமா தண்டலாரே?"

தொம்மை சிரிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். "வாங்க" என்றான். "வாங்க" என்றான். மூன்றாம் முறை அவன் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. "வாங்க."

கப்பல் போயிற்று. அதன்பின் அந்த ஊரில் அவளைப்போல் காத்திருந்தவர் யாரும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது கயிற்றை விட்டுவிட்டுக் கடலைப் பார்ப்பாள். சோறு உண்ணும்போது கை பாதியில் நிற்கும். அவர் முகம் அவளுக்குத் தெரியாது. தெரியாத முகத்தை எப்படி நினைப்பது? ஆனாலும் நினைத்தாள். பெட்டியில் வேர் குறைந்துகொண்டே வந்தது. ஒரு துண்டை இரண்டாக்கினாள், இரண்டை நான்காக்கினாள். பிறகு பெட்டியின் அடியில் தூள் இருந்தது. பிறகு வாசனை இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

குளிர் திரும்பி வந்தது. எலும்பை உதறியது. நடக்க முடியாமல் படுக்கையில் விழுந்தாள்.

ஒரு காலையில் கோயில் மணி அடித்தது. கப்பல் தெரிந்தது.

தங்கை பேச்சை அப்பா காதில் வாங்கியிருக்க மாட்டார் என்று கஸ்பாருக்கு நம்பிக்கை. எல்லா வண்டிகளையும் பூட்டிக்கொண்டு துறைக்குப் போனான். கப்பல் நெருங்க நெருங்க அவன் முகம் கறுத்தது. நிறைந்த கப்பல் தண்ணீரில் அமுங்கி வரும். இந்தக் கப்பலோ மிதக்கும் தேங்காய் மட்டைபோல உயர்ந்து, ஆடி ஆடி வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

உயரமான மனிதர் ஒருவர் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். வேட்டி நனைந்திருந்தது. கையில் ஒன்றும் இல்லை.

"வேய், சரக்கு எங்க?" என்று கேட்டான் கஸ்பார்.

"சரக்கு இல்லப்பா" என்றார் அவர். "நான்தான் வந்திருக்கேன்."

"உன்னை யாரு கேட்டா?" என்று கத்திவிட்டு, கஸ்பார் வண்டிகளைத் திருப்பினான்.

எஸ்தாக்கி வெயிலில் நின்று, காலி வண்டிகள் போவதையும் முன் வண்டியில் போகிற தன் மகனின் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த வண்டித் தடத்திலேயே நடந்து தன் வீட்டுக்கு வந்தார்.

ஞானப்பூ போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கை வைத்தார். அந்தக் கை சொரசொரப்பாக இருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். யார் என்று கேட்கவில்லை.

"வேர் கொண்டு வரல மகளே" என்றார்.

"நான் கேக்கலையே" என்றாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "எத்தனையோ வருசமா என்ன வேணும் என்ன வேணும்னு கேட்டு அனுப்பினேன்" என்றார். "இந்தச் சொல்லுக்குத்தான் உக்காந்திருந்தேன்."

காய்ச்சல் உடனே விட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஐயாமாரே. விடவில்லை. அந்த ஆண்டும் வந்தது, அடுத்த ஆண்டும் வந்தது. வந்தபோதெல்லாம் அந்தக் கை நெற்றியில் இருந்தது. குளிர் அவளை உதறும், கை நகராது. அவள் செத்துவிடவும் இல்லை. வேர் இல்லாமலேயே, மெலிந்து, நரைத்து, நெடுநாள் வாழ்ந்தாள்.

கஸ்பாரும் பிலோமியும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அப்பா அவர்களை வெளியே போ என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது அவர்களுக்கும் அவர் கையாலேயே பரிமாறினார். ஆனால் வாடைக் காற்று அடிக்கத் தொடங்கினால் இரண்டு பேரும் எழுந்து துறைக்குப் போய்விடுவார்கள். தந்தை வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க, தந்தை அனுப்பும் கப்பல் வருகிறதா என்று கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஞானப்பூவுக்கு மட்டும் ஒரு வியப்பு இருந்தது. அவர் பக்கத்திலேயே இருந்தும் அவளுடைய ஏக்கம் தீரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னும் பேச வேண்டும் என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. முன்பு அந்த ஏக்கம் பசியைப்போல வலித்தது. இப்போது அது பாட்டைப்போல நீண்டது. அது தீர வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: கடவுளிடம் எதையாவது கேட்பதைவிடக் கடவுளையே கேட்பது மேல்.